தட்டு சரியில்லை

கதவுக் கைப்பிடி செய்யும் தொழிற்சாலையில் அவர் தரம் பார்க்கும் அதிகாரி. பெல்ட்டில் வரிசையாக வரும் கைப்பிடிகளை எடுத்துத் திருகி, தடவி, வெளிச்சத்தில் காட்டி, இது தேறும் இது தேறாது என்று பிரித்துப் போடுவது வேலை. அந்த வேலையை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. அவர் அதை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்தார். விருந்துக்குப் போன வீட்டில் நாற்காலியைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். தன் கல்யாண ஆல்பத்தையே குறை சொன்ன மனிதர். குறை பைண்டிங்கில்தான், படத்தில் இல்லை என்று அன்றைக்கு மனைவியிடம் விளக்குவதற்குள் அவருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. மனைவியின் அண்ணன் அவருக்கு நொட்டையார் என்று பெயர் வைத்தார். ஒருவர் கூட ஆட்சேபிக்கவில்லை.

மனைவி நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பவர். வீட்டில் எப்போது பார்த்தாலும் ஈரத்துண்டு மலையாகக் குவிந்து கிடக்கும். பழைய வாஷிங் மெஷின் கண்ணை மூடியதிலிருந்து புதிது ஒன்று வாங்கக் கடை கடையாக ஏறி இறங்கியாகிவிட்டது. ஒன்றில் கதவு ரப்பர் மெலிசு என்றார் நொட்டையார். இன்னொன்றில் குமிழைத் திருகும்போது வரும் சத்தம் தனக்குத் திருப்தியாக இல்லை என்றார். மூன்றாவதன்மேல் விற்பனையாளர் சாய்ந்து நின்றார், அது முனகியது, அதோடு அதன் கதை முடிந்தது. மனைவி வாராவாரம் இரண்டு பெரிய பைகளில் ஈரத்துண்டுகளைத் திணித்து, அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்துக்கொண்டு வந்தார்.

அந்த அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். வாரம் முழுக்க அடுத்தவர் வண்டி ஓட்டுவதைப் பார்த்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, விடுமுறை நாளில் துப்பாக்கி கிளப்புக்குப் போய் மனதை ஆற்றிக்கொள்வார். அங்கே ஒரு மெஷின் சாசர் அளவுக் களிமண் தட்டுகளை வானத்தில் வீசும். கீழே விழுவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. மச்சானுடைய துப்பாக்கி பழசு, கட்டையில் கறுப்பு டேப் சுற்றியிருக்கும். அவரோடு போய்ப் பார்த்த நொட்டையாருக்கு விளையாட்டு பிடித்துவிட்டது. துப்பாக்கிதான் பிடிக்கவில்லை. அதைத் தண்ணீர்க் குழாய் என்று சொல்லிவிட்டு, புதிது வாங்குவதற்காக ஒரு பூதக்கண்ணாடியோடு கடையில் போய் உட்கார்ந்தார். பல நாள் உட்கார்ந்தார். கடைசியில் மேலொரு குழல் கீழொரு குழலாக, பளபளவென்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, தன் வாழ்நாளில் பார்த்த குறையில்லாத ஒரே பொருள் இதுதான் என்று அறிவித்தார். அப்போது மனைவி துண்டு பிழிந்துகொண்டிருந்தார்.

அவர் சத்தம் போடவில்லை. பிழிந்த துண்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டுத்தான் பேசினார்.

"சரிங்க. அது ஒரு கோளாறும் இல்லாம கிளப்புல இந்தப் போட்டி சீசன் முடியட்டும். முடிஞ்சா, நீங்க எப்ப சொல்றீங்களோ அப்ப மெஷின் வாங்கிக்கலாம். கோளாறு வந்துச்சுன்னா, நான் கடைக்குப் போய் கை வெக்கிற முதல் மெஷின எடுத்துட்டு வருவேன். அதப் பத்தி நீங்க வாயே தெறக்கக் கூடாது."

"எத்தன நாளைக்கு?"

"அது ஓடுற வரைக்கும்."

நொட்டையார் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். குறை இருக்கும் ஒரு பொருளோடு ஒரே வீட்டில் வாயைப் பொத்திக்கொண்டு வாழ்வதென்பது அவருக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு வாழ்வதற்குச் சமம். ஆனால் அதெல்லாம் நடக்கவா போகிறது என்ற தைரியம்.

முதல் நாளே துப்பாக்கிக் கட்டையின் வார்னிஷ் அவர் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு பக்கம் மட்டும் தேக்கு நிறத்தில் வீடு திரும்பியவர், வெயில் என்றார். அடுத்த வாரம் ஒரு திருகாணி கழன்று அவருடைய ஷூவுக்குள்ளேயே விழுந்தது. யாருக்கும் தெரியாமல் நொண்டி நொண்டிக் கழிவறைக்குப் போய் எடுத்து மாட்டினார். இதையெல்லாம் சமாளித்துவிடலாம். மூன்றாவதாக வந்ததைத்தான் சமாளிக்க முடியவில்லை.

போட்டியில் தட்டுகள் ஜோடி ஜோடியாக வரும். முதல் குண்டுக்கு ஒன்று, இரண்டாவது குண்டுக்கு இன்னொன்று. அவருடைய துப்பாக்கி முதல் குண்டைப் படார் என்று சுடும். இரண்டாவதற்கு விசையை அழுத்தினால் சில சமயம் 'டிக்' என்று மட்டும் ஒரு சத்தம் வரும். அப்படி ஆனால் துப்பாக்கியைத் திறக்கக் கூடாது. குழலை மைதானத்தைப் பார்த்தே பிடித்தபடி, கையைத் தூக்கித் துப்பாக்கியில் கோளாறு என்று சொல்ல வேண்டும். நடுவர் வந்து பார்த்துவிட்டு வேறு ஜோடி விடச் சொல்வார். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. ஆனால் கோளாறு என்ற அந்த ஒரு சொல்லைத்தான் அவரால் சொல்ல முடியாது. பின்னால் பெஞ்சில், கிளப்பிலிருந்து நேரே அண்ணன் வீட்டுக்குப் போவதற்காக, இரண்டு ஈரப்பைகளோடு மனைவி உட்கார்ந்திருந்தார்.

முதல் 'டிக்' கேட்டதும் நொட்டையார் அசையாமல் நின்றார். பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் மனிதர் சுத்தம், குழலை எள்ளளவும் திருப்பவில்லை. வானத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"தட்டு சரியில்ல. சுட மனசு வரல" என்றார்.

நடுவராக இருந்தவர் கிளப்பின் செயலாளர், தொழில் மூக்குக்கண்ணாடிக் கடை. தரம் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு உடம்பு சிலிர்க்கும். பறக்கிற தட்டில் பழுதைக் கண்டுபிடிக்கிற ஒரு கண்ணை அவர் அதுவரை பார்த்ததில்லை. வேறு ஜோடி விடச் சொன்னார். தட்டு எந்தப் பக்கம் போகும் என்று ஒருமுறை பார்த்தாகிவிட்டதால், நொட்டையார் இரண்டையும் பொடிப்பொடியாக்கினார். கைதட்டல் வேறு கிடைத்தது.

மனிதருக்கு அதற்கப்புறம் பயம் விட்டுப்போனது. 'டிக்' என்றால் தட்டில் விரிசல். மறுபடி 'டிக்' என்றால் தட்டு நொண்டிப் பறக்கிறது. பாவம், மெஷினில் தட்டு அடுக்கிப் பட்டனை அழுத்துகிறவர்தான் மாட்டிக்கொண்டார். பட்டன்காரர் என்றே அவருக்குப் பெயர். தட்டுகளைக் கண்டபடி கையாளுகிறார் என்று செயலாளர் அவருக்கு வெள்ளைக் கையுறை வாங்கிக் கொடுத்துவிட்டார். அதை மாட்டிக்கொண்டு பட்டன்காரர் நொட்டையாரைப் பார்த்த பார்வையில் தட்டே பொடிந்திருக்கும்.

இதற்கு நடுவில் நொட்டையார் திருட்டுத்தனமாகக் கடைக்கும் போய் வந்தார். கடைக்காரர் துப்பாக்கியை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, புதுசுதானே, பழகப் பழகச் சரியாகிவிடும் என்றார். கம்பெனியில் ஒவ்வொன்றையும் ஆள் வைத்துச் சோதித்துத்தான் அனுப்புகிறார்களாம், அங்கே குறை எதுவும் தெரியவில்லையாம். கைப்பிடி கழன்றுவிட்டதென்று வந்தவர்களுக்கு நொட்டையாரே தன் வாயால் எத்தனையோ முறை சொன்ன பதில்தான் அது. அதற்கு மறுபேச்சு கிடையாது என்பது அவரைவிட யாருக்குத் தெரியும். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

சீசன் முடிய ஒரே ஒரு போட்டிதான் பாக்கி. இறுதிக்கு வந்தது நொட்டையாரும் மச்சானும். அந்தப் போட்டியில் ஒரு தட்டுகூடச் சோடை போகக் கூடாதென்று செயலாளர் முடிவு செய்து, எல்லாத் தட்டுகளையும் சோதித்துக் கொடுக்கும் பொறுப்பை நொட்டையாரிடமே ஒப்படைத்தார். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் தரம் பார்க்கச் சொன்ன பிறகு வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வருமா? வேலை விட்டதும் நேரே கிளப் அறைக்குப் போய்ப் பெட்டி பெட்டியாகத் தட்டுகளைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொன்றையும் நகத்தால் சுண்டிக் காதில் வைத்துக் கேட்டார், விளக்குக்கு நேரே பிடித்தார், தேறியதன் முதுகில் சாக்பீஸால் ஒரு டிக் போட்டார். அந்த நாட்களில் அவர் சந்தோஷமாக இருந்தார். தட்டில் ஆரம்பத்திலிருந்தே ஒரு குறையும் கிடையாது, அந்தக் கதையைக் கிளப்பிவிட்டதே தான்தான் என்பதைச் சுத்தமாக மறந்துபோனார். தேறாதவை என்று ஒரு குவியலைக்கூட ஒதுக்கி வைத்தார் என்றால் பாருங்கள்.

போட்டியன்று இருவரும் சரிசமமாகச் சுட்டுக்கொண்டே வந்தார்கள். மச்சான் தன் கடைசி ஜோடியில் ஒன்றைத் தவறவிட்டார். நொட்டையார் தன் கடைசி ஜோடியை உடைத்தால் கோப்பை அவருக்கு. அதைவிடப் பெரிய விஷயம், சீசன் முடிந்துவிடும், பந்தயத்தில் ஜெயித்தாகிவிடும், வாய் பிழைக்கும். தோளில் துப்பாக்கியை ஊன்றி, "விடு" என்றார். பட்டன்காரர் வெள்ளைக் கையுறையோடு பட்டனை அழுத்தினார். முதல் தட்டு தூளானது.

டிக்.

இரண்டாவது தட்டு நிதானமாகப் பறந்து, புல்லில் பதமாக இறங்கி, சின்னக் கீறல்கூட இல்லாமல் குப்புறப் படுத்தது. செயலாளர் பைனாகுலரை எடுத்துப் பார்த்தார். அதன் முதுகில் சாக்பீஸ் குறி பளிச்சென்று தெரிந்தது.

"என்ன மாப்ள, தட்டு சரியில்லையா?" என்று மச்சான் கேட்டார். கிண்டலே இல்லாமல், நிஜமான அக்கறையோடுதான் கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

நொட்டையார் குழலை மைதானத்தைப் பார்த்தே பிடித்துக்கொண்டு நின்றார். தட்டு சரியில்லை என்றால் அதைத் தேர்ந்தெடுத்தது அவர். துப்பாக்கி சரியில்லை என்றாலும் தேர்ந்தெடுத்தது அவர்தான். காற்றைச் சொல்லலாமா என்று பார்த்தால் ஒரு இலைகூட அசையவில்லை. வானத்தில் ஏதாவது குறை கிடைக்குமா என்றுகூட ஒரு கணம் தேடினார். அது பாட்டுக்கு நீலமாக இருந்தது. கண்ணைத் தாழ்த்தி ஓரமாகப் பார்த்தார். பெஞ்சுக்கடியில் இரண்டு பைகளிலிருந்தும் தண்ணீர் சொட்டிச் சின்னக் குட்டையாகத் தேங்கியிருந்தது. மனைவி பிழிந்து பிழிந்து சிவந்துபோன உள்ளங்கைகளை ஊதிக்கொண்டிருந்தார். நொட்டையாருக்குத் தன்னை நினைத்தே கேவலமாக இருந்தது. ஒரு சீசன் முழுக்க இவ்வளவு பாடு பட்டது எதற்காக, அந்தக் கை இன்னும் கொஞ்ச நாள் துண்டு பிழியட்டும் என்பதற்காகவா?

கையைத் தூக்கினார்.

"துப்பாக்கி சரியில்ல" என்றார். "தட்டு நல்லாத்தான் இருக்கு. எப்பவுமே நல்லாத்தான் இருந்துச்சு."

செயலாளர் வந்து துப்பாக்கியைத் திறந்து பார்த்தார். உள்ளே தோட்டா கன்னங்கரேலென்று பத்திரமாக, பொத்தினாற்போல் உட்கார்ந்திருந்தது. எத்தனை நாளாக இப்படி என்று மச்சான் கேட்டார். வார்னிஷிலிருந்தே ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் நொட்டையார். பட்டன்காரர் கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மடித்து, கொண்டுவந்து நொட்டையார் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் போனார். விதிப்படி இன்னொரு ஜோடி விட்டார்கள். அந்தத் துப்பாக்கிக்கு வெட்கம் ஏது, மறுபடியும் படார், டிக். மறுபடி கோளாறு என்றால் இன்னொரு ஜோடி கேட்கலாம் என்று செயலாளர் சொன்னார். நொட்டையார் போதும் என்று கும்பிட்டுவிட்டு, கோப்பையை மச்சான் கையிலேயே கொடுக்கச் சொன்னார்.

மனைவி சொன்ன சொல் தவறவில்லை. அன்றைக்கே கடைக்குப் போய், வாசலுக்குப் பக்கத்தில் இருந்த மெஷின்மேல் கையை வைத்தார். அது வீட்டுக்கு வந்து இறங்கியது. தூக்கிவந்தவர்கள் அதைச் சாய்த்த நொடியில் நொட்டையார் பார்த்துவிட்டார், நாலு காலில் ஒரு கால் கட்டை. உதட்டைக் கடித்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் குழாயை மூடி மூடித் திறந்தார். வாக்கு கொடுத்தாகிவிட்டதே.

மனைவி துண்டுகளைப் போட்டுப் பட்டனைத் தட்டினார். துவைக்கும்வரை சாதுவாக இருந்த மெஷின், பிழியத் தொடங்கியதும் தடதடவென்று ஆட ஆரம்பித்தது. பிறகு சுவரை விட்டுக் கிளம்பி, ஒயர் எட்டிய வரைக்கும் அறையின் நடுவே நடந்து வந்தது. மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு அதையே பார்த்தார். நொட்டையார் வாயைத் திறக்கவில்லை.

"துண்டு சரியில்ல" என்றார் மனைவி. "தண்ணிய ரொம்பக் குடிக்குது. அதான் இப்படி."

நொட்டையாருக்கு அடுத்து வரப்போவதெல்லாம் வரிசையாகத் தெரிந்தது. நாளைக்குச் சோப்புத்தூள் சரியிருக்காது. அப்புறம் தரை சரியிருக்காது. மனைவி யாரிடமும் சொல்லாமல் கடைக்குப் போவார், பழகினால் சரியாகிவிடும் என்று அங்கே சொல்வார்கள். இதை நொட்டையார் இன்றைக்கே ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். அந்த வார்த்தை தொண்டைவரை வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, மெஷினை இரண்டு கையாலும் சுவரோடு தள்ளி, அதன்மேல் ஏறி உட்கார்ந்தார்.

"ஆமா, துண்டுதான்" என்றார்.

மனைவியும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேர் கனத்தில் மெஷின் நடப்பதை விட்டுவிட்டு, அவர்களைச் சேர்த்து ஆட்டியது.

"ஏங்க, ஒரு கால் கட்டையா இருக்குதோ?"

நொட்டையார் எதையும் கவனிக்கவில்லை என்றார், பல்லும் தோளும் தடதடவென்று ஆட.