பொத்தான் டப்பாவில் ஒன்பது பொட்டலம்

மனிதகுலம் இதுவரை தீர்க்காமல் விட்ட அறச்சிக்கல்கள் அத்தனையையும் ஒரே ஒரு பெருக்கல் கணக்கில் தீர்த்துவிடலாம் என்று தராசு கண்டுபிடித்திருந்தான். அதிகம் பேருக்கு எது நல்லதோ அதுவே அறம். மீதியெல்லாம் மூக்குச் சிந்தல். இதைச் சொல்லியே கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் நான்கு கோப்பை வாங்கியிருந்தான். தராசு என்பது நண்பர்கள் கேலிக்கு வைத்த பெயர். அவனுக்கு அது பட்டமாகவே பட்டது.

கணக்கைப் போட்டுப் பார்க்க வீட்டிலேயே ஆள் இருந்தது வசதியாகப் போயிற்று. கிடங்கில் மூட்டை தூக்கி முதுகைத் தொலைத்த அண்ணன். வலி போய்விட்டது, வலிக்குக் கொடுத்த மாத்திரை போக மறுத்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள் என்றார் டாக்டர். அம்மா தையல்காரி. தையல் பிரிக்கிற பிளேடால் மாத்திரையை நாளுக்கு நாள் சின்னதாக நறுக்கி, காகிதத்தில் மடித்து, எண் எழுதிப் பொத்தான் டப்பாவில் வைத்திருந்தாள். இன்னும் ஒன்பது பொட்டலம். 'ஒன்பது' என்று எழுதியதில் பெரிய துண்டு, 'ஒன்று' என்று எழுதியதில் தூசிதான் இருக்கும். அதோடு முடிந்தது.

அதுவரை அண்ணன் ராத்திரியெல்லாம் முனகுவான், சுவரில் முட்டுவான். "இன்னைக்கு மட்டும் இன்னொண்ணு குடும்மா" என்று காலைப் பிடிப்பான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தராசு அதைக் கேன்டீனில் அப்படியே நடித்துக் காட்டுவான். பெஞ்சைத் தட்டிச் சிரிப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தராசு வீட்டாரைக் கூட்டி உட்காரவைத்தான். அப்பா பஸ் டிரைவர். அண்ணன் முனகலில் அவருக்குத் தூக்கம் இல்லை. அவர் கண்ணயர்ந்தால் ஐம்பத்துநான்கு பயணிகள் போய்ச் சேருவார்கள். ஒரு பக்கம் ஐம்பத்துநான்கு, இன்னொரு பக்கம் ஒன்று. அண்ணன் வெளியேறுவதே அறம் என்று முடித்தான்.

அண்ணன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: "ஏன்டா, அப்பா ஒம்பது நாள் லீவு போட்டா எத்தனை பேர் சாவாங்க?"

"இது உணர்ச்சிவசப்பட்ட கேள்வி" என்றான் தராசு.

அப்பாவுக்குக் கேள்வி நியாயமாகத்தான் பட்டது. ஆனால் கோப்பை வாங்கிய மகன் சொல்கிறான். சரியென்று தலையை ஆட்டிவிட்டார். டப்பாவையாவது அவனோடு அனுப்புகிறேன் என்று அம்மா கெஞ்சினாள். தராசு விடவில்லை. போட்டியில் காட்டத் தேவைப்படும் என்று தன் பையில் போட்டுக்கொண்டான். அண்ணன் வெறுங்கையோடு படியிறங்கினான்.

டப்பா அரையிறுதியில் நன்றாக எடுபட்டது. மேடையில் குலுக்கி, "இதோ, பாசம் நறுக்கிய ஒன்பது துண்டுகள்!" என்றான். நடுவர் ஒருவர் கைதட்டினார்.

அந்த வாரமே அப்பா சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடி ஒரு விஷயம் சொன்னார். ஸ்டாப்பில் பெரியவன் நின்றானாம். கை காட்டினானாம். சட்டையெல்லாம் வாந்தியாம். "வண்டி நெறைய ஆளு. நிறுத்தல" என்றார்.

அதற்குப் பிறகு வீட்டில் முனகல் இல்லை, தூக்கமும் இல்லை. அம்மா தைக்கவில்லை, கதவருகே உட்கார்ந்திருந்தாள். அப்பா விட்டத்தைப் பார்த்தபடி விடியவைத்து, சிவந்த கண்ணோடு ஐம்பத்துநான்கு பேரை ஏற்றிக்கொண்டு போனார். தராசு அவரிடம் லீவு போடச் சொல்லவில்லை. சொன்னால் அண்ணன் கேள்விக்குப் பதில் சொன்னதாகிவிடும்.

இறுதிப் போட்டியன்று மதியம் தராசு நான்கு நாளாகத் தூங்கியிருக்கவில்லை. அரங்கின் கழிப்பறையில் கண்ணாடி முன் நின்று முதல் வரியைச் சொல்லிப் பார்த்தான். நாக்கு குழறியது. வெளியே முந்நூறு பேர் காத்திருந்தார்கள். முந்நூறு பேர் ஒரு பக்கம், ஒரு பொட்டலம் இன்னொரு பக்கம்.

டப்பாவைத் திறந்தான். முதலில் 'ஒன்று' என்று எழுதியதைத்தான் பிரித்தான். தூசி நாக்கில் கசந்தது. முதல் வரியை மறுபடி சொல்லிப் பார்த்தான், அப்போதும் குழறியது. அதைக் கீழே வைத்துவிட்டு, விரலால் துழாவி 'ஒன்பது' என்று அம்மா எழுதியிருந்ததை எடுத்தான்.

"இன்னைக்கு மட்டும்" என்றான், குழாயைத் திறந்துவிட்டு.