இறக்கத்தில் பார்த்த வண்டி

போடி பஜாரில் ஏலக்காய் மண்டி வைத்திருந்த ஞானதுரைக்கு நாற்பது வயதுக்கு மேல் ஒரு பைத்தியம் பிடித்தது. அதற்குச் சிவப்பு நிறம், இரண்டே சீட்டு, மேலே கூரை கிடையாது.

சரக்கு விஷயமாக மெட்ராஸ் போனவரை ஒரு தரகர் சோழவரத்துக்குக் கார் ரேஸ் பார்க்கக் கூட்டிப் போனதுதான் வினை. ஊர் திரும்பிய மனிதர் மண்டியில் காயைத் தரம் பிரித்துக்கொண்டே வாயால் கியர் மாற்ற ஆரம்பித்தார். வாலிபத்தில் வந்திருக்க வேண்டிய காய்ச்சல், தாமதமாக வந்ததால் கொஞ்சம் கடுமையாகவே அடித்தது.

எழுபத்து நாலாம் வருடம் அதற்கு மருந்தும் வந்து சேர்ந்தது. போடிமெட்டில் எஸ்டேட் வைத்திருந்த குரியாக்கோஸ் முதலாளி தன் இங்கிலீஷ் ரேஸ் காரைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று சேதி. காசு வேண்டாமாம். நல்ல ஜீப்பாக ஒன்று கிடைத்தால் மாற்றிக்கொள்வாராம். ஞானதுரையிடம் ஜீப் இருந்தது. சரியாகச் சொன்னால் அவர் வீட்டில் இருந்தது. அதை ஓட்டுவது அவர் மனைவி சாராள்.

சாராளின் அம்மா மலைமேல், போடிமெட்டுக்குப் பக்கத்தில் தன் ஏலத்தோட்டத்து வீட்டில் இருந்தாள். கண் பார்வை மங்கிவிட்டது. கீழே வந்து எங்களோடு இரு என்றால் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு சாராள் தூக்குவாளியில் கறிக்குழம்பை ஊற்றிக்கொண்டு ஜீப்பில் மலை ஏறிவிடுவாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டியரிங் பிடிக்கிற பொம்பளையைப் பார்த்து முதலில் சிரித்த ஊர், பிறகு ஓரம் ஒதுங்கி வழிவிடப் பழகிக்கொண்டது.

"என்னத்த வேணும்னாலும் மாத்துங்க. எனக்கு எங்காத்தாவப் போயிப் பாக்கணும். அந்த வண்டி மலை ஏறுமா?" என்று அவள் கேட்டாள்.

"ரேஸ் காரு சாராளு. ஒன் ஜீப்பு ஏறுற மலைய அது ஏறாதா?"

"ஏறுனா எனக்கு ஒண்ணுமில்ல. ஏறுதான்னு பாத்துட்டுத்தான் ஜீப்பு வீட்ட விட்டுப் போகணும்."

ஞானதுரை மனசுக்குள் நாலாவது கியர் போட்டுக்கொண்டே சரி என்றார்.

வண்டி பார்க்கத் துணைக்கு சேக் பரீதை அழைத்துக்கொண்டார். உத்தமபாளையத்துக்காரன், தேனியில் ஒர்க்‌ஷாப் போட்டிருந்தான். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் தொழிலில் சுத்தம். அவன் படித்துப் படித்துச் சொன்னது ஒன்றுதான்.

"அண்ணாச்சி, வண்டி பாக்க வாரோம்னு முன்கூட்டிச் சொல்லி விட்றாதீக. சொன்னா எஞ்சினச் சூடு பண்ணி வச்சிருவாக. ஆறிக் கெடக்குற எஞ்சின எழுப்பும்போதுதான் அதோட சீக்கு தெரியும்."

அதற்குள் ஞானதுரை ஆள் விட்டுச் சொல்லி அனுப்பியிருந்தார். பெரிய மனிதர் வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பது என்ன மரியாதை?

ஞாயிற்றுக்கிழமை மூவரும் ஜீப்பில் ஏறினார்கள், தூக்குவாளியோடு. பங்களா வாசலில் அந்தக் கார் வெயிலில் நின்றது. குட்டையாக, பளபளவென்று, தரையோடு தரையாகப் படுத்திருந்தது. ஞானதுரைக்கு அதைப் பார்த்ததும் மூச்சு நின்று மறுபடி வந்தது. கல்யாணத்தன்றுகூட அவர் முகம் இப்படி மலர்ந்ததில்லை என்று சாராள் நினைத்துக்கொண்டாள்.

பரீத் நேரே போய் பானெட் மேல் உள்ளங்கையை வைத்தான். சூடாக இருந்தது.

"ஷெட்டில்நின்னு இப்போதான் வெளியே எடுத்தது," என்றார் குரியாக்கோஸ். நரைத்த மீசை, இடுப்பில் வெள்ளை வேட்டி, சிரித்த முகம். "நல்லாயிட்டு நோக்கிக்கோ. எனிக்கு கால் முட்டு வய்யா. இதுக்குள்ள குனிஞ்சு ஏறி இறங்க முடியல்ல. ஒரு ஜீப்பு மதி, அது போதும்."

பரீத் ஞானதுரையை ஒரு பார்வை பார்த்தான். ஞானதுரை காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பரீத் வேலையைக் காட்டினான். கதவை விரல் முட்டியால் தட்டித் தட்டி, நல்ல தகரமா, ஓட்டையில் பட்டிப் பசை அப்பி மெழுகியதா என்று காது கொடுத்துக் கேட்டான். கோணியை விரித்து அடியில் படுத்து, எங்கேயாவது மோதி வளைந்து வெல்டிங் வைத்த தழும்பு இருக்கிறதா என்று சேசிஸைத் தடவினான். டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் உடம்பே கோணல் என்று அர்த்தமாம், நாலும் சமமாகத் தேய்ந்திருந்தன. ஆயிலைத் தொட்டு விரலில் தேய்த்து மோந்து பார்த்தான். ஆர்.சி. புத்தகத்தில் இருந்த எஞ்சின் நம்பரை எஞ்சினில் இருந்ததோடு ஒத்துப் பார்த்தான். சாவியைத் திருப்பியதும் வண்டி உறுமியது.

"பாகம் ஏதாச்சும் ஒடஞ்சா சீமையிலருந்துதான் வரணும், தெரியும்ல?" என்று பரீத் காதோரம் சொன்னான்.

"வரட்டும்," என்றார் ஞானதுரை.

ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது என்று ஆனது. மலையடிவாரத்து முந்தல் வரைக்கும் இறங்கி, அங்கே டீ குடித்துவிட்டு மேலே வரலாம். காரில் பரீதும் ஞானதுரையும். பின்னால் ஜீப்பை சாராள் ஓட்ட, தனக்கு வரப்போகிற வண்டியைப் பார்க்கக் குரியாக்கோஸ் அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பெட்ரோல் விலை எகிறிப் போயிருந்த காலம் அது. போடிமெட்டு மலையில் வண்டி ஓட்டுகிற எவனும் இறங்கும்போது எஞ்சினை ஓடவிட மாட்டான். உச்சி தாண்டியதும் சாவியைத் திருப்பி அணைத்து, நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மட்டும் நம்பி மிதந்து வருவான். எழுதாத சட்டம் அது. பஸ்ஸும் அப்படித்தான், லாரியும் அப்படித்தான். முதல் வளைவு தாண்டியதும் பரீதின் கை தானாகப் போய்ச் சாவியைத் திருப்பியது. மூக்கைச் சொறிவது மாதிரி ஒரு காரியம் அது, அவனுக்கே தெரியாது.

கார் மிதந்தது. வளைவுக்கு வளைவு வழுக்கிக்கொண்டு இறங்கியது. கீழே பள்ளத்தாக்கு முழுக்க நெல்லும் வாழையும் பச்சையாகக் கிடந்தன. காற்று ஞானதுரையின் துண்டைப் பிடுங்கிக்கொண்டு போனது, அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பரீது, கவனிச்சியா? சத்தமே இல்லியேப்பா. நம்ம ஜீப்பு எஞ்சின நிறுத்துனாலும் தகர டப்பா மாதிரி லொடலொடங்கும்."

"அதான் அண்ணாச்சி சீம வேல," என்றான் பரீத் பெருமையாக. "பாருங்க, அதிர்வுகூடத் தெரியல."

முந்தல் டீக்கடை முன்னால் கார் வந்து நின்றதும் அங்கே இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து வந்து சுற்றிக்கொண்டார்கள். ஞானதுரைக்குத் தலைகால் புரியவில்லை. ஜீப் வந்து நின்று, குரியாக்கோஸ் இறங்கியதுதான் தாமதம், போய்க் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார்.

"எனக்குச் சம்மதம். ஜீப்பு ஒங்களது, காரு எங்களது."

"சம்மதிச்சு," என்றார் குரியாக்கோஸ். "ஜீப்பு நல்லாயிட்டு ஓடுது. நான் நோக்கினேன்."

ஞானதுரைக்கு அந்த நொடியில் ஒன்று ஞாபகம் வந்தது. ஜீப் மேடு ஏறும்போது இரண்டாவது கியர் நிற்காது, நழுவிவிடும். சாராள் இடது முழங்காலால் கியர்க் கம்பியை அண்டக் கொடுத்துத்தான் ஓட்டுவாள். அதைச் சொல்ல வாயைத் திறந்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லையே என்று ஒரு நினைப்பு வந்தது. வாயை மூடிக்கொண்டார். காலையில்தான் கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்டிருந்தார்.

சாராள் ஜீப்பை ஓரமாக நிறுத்திவிட்டு வந்தபோது காரியம் முடிந்திருந்தது. அவள் காரைச் சுற்றி வந்தாள். பரீத் மேலே செய்ததைப் பார்த்திருந்தாள் அல்லவா, அதே மாதிரி பானெட் மேல் உள்ளங்கையை வைத்தாள். கையை எடுத்து மறுபடியும் வைத்தாள்.

"பரீது தம்பி, மேல நிக்கும்போது இது சுட்டுச்சுல்ல?"

"ஆமா மதினி."

"இவ்வளவு தூரம் ஓடி வந்த வண்டி குளுந்து கெடக்கே. வழி பூரா பின்னால வாரேன், குழாயிலருந்து ஒரு பொட்டுப் பொகை வரல."

பரீத் குனிந்து தன் வலது கையைப் பார்த்தான். பிறகு சாவியைப் பார்த்தான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து டீக்கடைக்காரருக்கே பாவமாகிவிட்டது.

"அணச்சுப்பிட்டேன் அண்ணாச்சி. பழக்க தோசத்துல அணச்சுப்பிட்டேன்."

ஞானதுரை குலுக்கிய கையைப் பார்த்தார். போடி பஜாரில் கை கொடுத்துவிட்டுப் பின்வாங்கியவன் அப்புறம் கடை திறந்து பிரயோசனமில்லை. இத்தனை பேர் பார்க்கக் கொடுத்த கை வேறு. தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு நின்ற சாராளை ஏறிட்டுப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அவள் ஞாயிற்றுக்கிழமையைத் தூக்கிக் கொடுத்துவிட்டோம் என்று வெட்கமாக இருந்தது.

"ஏறுங்க. ஏறுதான்னு பாப்போம்," என்று அவள் சொல்லிவிட்டு, சிவப்புக் காரில் உட்கார்ந்து வாளியை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஞானதுரை ஓட்டினார். பின்னால் ஜீப்பைக் குரியாக்கோஸ் ஓட்ட, பரீத் அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டான். முதல் வளைவு வரைக்கும் கார் சிங்கம். அடுத்ததில் இருமியது. அதற்கடுத்த ஏற்றத்தில் பின்னால் நீலப் புகை மண்டிக்கொண்டு வந்தது, முன்னால் தண்ணீர் கொதித்துச் சீறியது. மிதிக்க மிதிக்க வேகம் குறைந்து, கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. பக்கத்தில் ஒரு குரங்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

பின்னால் வருகிற ஜீப்புக்காகக் காத்திருந்தார்கள். ஜீப் வரவில்லை. சாராள் இறங்கிப் போய்ச் சாலையின் தடுப்புச் சுவரோரம் எட்டிப் பார்த்தாள். முந்தின வளைவில் ஜீப் குறுக்காக நின்றது. பரீத் சக்கரத்துக்கு அண்டக் கல் தேடிக்கொண்டிருந்தான். குரியாக்கோஸ் முட்டியைப் பிடித்துக்கொண்டு மேலே நடந்து வந்துகொண்டிருந்தார்.

வந்து மூச்சு வாங்கிவிட்டு, "ஜீப்பு மேட்டில ரெண்டாம் கியர் நிக்குன்னில்ல. நீங்க பறயவே இல்லியே?" என்றார்.

"எஞ்சின் சங்கதிய நீங்களும் சொல்லலியே," என்றார் ஞானதுரை.

இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள். நல்ல குடும்பம், கோயில் குளம் போகிற மனிதர்கள், சமூகத்தில் பெயர் உள்ளவர்கள். சாராளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. குரியாக்கோஸும் மீசைக்குள் சிரிக்க ஆரம்பித்தார்.

"கொடுத்த பேச்சுலருந்து ரெண்டு பேருமே வெலகிக்கிட்டா பஜாருல யாரும் கேக்க மாட்டாக," என்று அவள் சொல்லிக் கையை நீட்டினாள். "ஜீப்புச் சாவியக் கொடுங்க முதலாளி."

அவர் உடனே கொடுத்துவிட்டார். அவள் இறங்கிப் போய் ஜீப்பைக் கிளப்பி, காரைத் தாண்டி முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள்.

ஏலக்காய் மூட்டை கட்டுகிற கயிறு ஜீப்பில் எப்போதும் கிடக்கும். பரீத் அதை முறுக்கி மடித்து, காரின் முன்பக்கத்தை ஜீப்போடு பிணைத்தான். அதன்பிறகு ஒருவர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காமல் பின்சீட்டில் போய் ஒடுங்கிக்கொண்டான். குரியாக்கோஸ் முன்னால் உட்கார்ந்தார். கார் ஸ்டியரிங்கைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டுமே, ஞானதுரை தனியாகச் சிவப்புக் காரில் உட்கார்ந்தார்.

அப்படித்தான் அவர் ரேஸ் காரில் மலை ஏறினார். ஜீப் கிளப்பிய புழுதி முழுக்க அவர் முகத்தில். ஆனால் வளைவு திரும்பும்போதெல்லாம் அவருக்குச் சாராள் தெரிந்தாள். உடம்பு லேசாக இடது பக்கம் சாய்ந்து, முழங்காலால் கியரை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு வண்டியையும் மூன்று பேரையும் அவள் மேலே இழுத்துக்கொண்டு போனாள். இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவருக்கு அது கண்ணில் பட்டதே இல்லை. எவ்வளவு பெரிய ஓட்டம் அது என்று இப்போதுதான் தெரிந்தது.

தோட்டத்து வாசலில் சாராளின் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஜீப்பின் லொடலொடப்பு அவளுக்குப் பழக்கம். அதற்குப் பின்னால் சிவப்பாக ஒன்று வழுக்கிக்கொண்டு வந்ததைக் கையால் வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தாள்.

"மருமகன் புது வண்டியில வாராரா? சத்தமே இல்லியே. நல்ல வண்டிதானா மருமகனே?"

ஞானதுரை முகத்துப் புழுதியைக் கையால் வழித்துக்கொண்டு கீழே இறங்கினார்.

"நல்ல வண்டிதான் அத்தை," என்றார். "முன்னால நிக்கிதே, அது."