மூன்று ஆள் மின்சாரம்

தையல்காரியின் உடம்பிலிருந்து முதன்முதலாக மின்சாரம் வந்தது ஒரு மத்தியானம், அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது. அணை வற்றியதால் ஊரெங்கும் கரண்ட் இல்லை. நுரையீரல் கெட்டுப் படுத்திருந்த கணவருக்கு மூச்சுக்காற்று தரும் மெஷின் சட்டென்று நின்றது. பதறிப்போய் அதன் பிளக்கை உள்ளங்கையில் இறுக்கினாள். மெஷின் ஓடியது.

அந்தக் கோடையில் தினமும் பாதி நாள் அப்படித்தான் கழிந்தது. ஒரு கையில் பிளக், மறு கையில் ஊசி. கொளுத்தும் வெயிலில் அவள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டாள். குடித்த காபி தொண்டையைத் தாண்டுமுன் ஆறிப்போயிற்று. தெரு ஒரு வாரம் வாயைப் பிளந்தது, பிறகு பழகிவிட்டது. துணி கொடுக்க வந்தவர்கள் செல்போனையும் நீட்டினார்கள். மகள் திட்டி விரட்டினாள்.

மின்வாரிய இன்ஜினியர் வந்து பார்த்தார். "சும்மா உக்காந்திருக்கிற மனுஷங்ககூட ஒரு பழைய குண்டு பல்பு அளவுக்குச் சூடு விடுவாங்கம்மா. இந்த மெஷினுக்கு மூணு பேர் வேணும். நீங்க ஒருத்தரே கொடுத்தா தாங்காது."

மகள் இரண்டாவது ஆளானாள். அக்கம்பக்கத்தார் நல்ல மனதோடுதான் பிடித்துப் பார்த்தார்கள். மெஷினுக்கு அது ஏறவில்லை. அவருக்காக உள்ளுக்குள் வேகாதவர்களிடம் அது வாங்கிக்கொள்ளாது போலும்.

சுவருக்கு அந்தப் பக்கம் கணவரின் அண்ணன் இருந்தார். சொத்துத் தகராறில் இவர்கள் சமையலறை ஜன்னலை அடைத்து அந்தச் சுவரை எழுப்பியவர். அன்றிலிருந்து சமையலறையில் பகலிலும் விளக்கு, இரு வீட்டுக்கும் பேச்சில்லை.

"பெரியப்பாவக் கேக்கட்டுமாப்பா?" என்றாள் மகள்.

"செத்தாலும் வேணாம்."

ஒரு காலை தையல்காரியின் உதடு நீலம்பாரித்தது. பிளக்கை விடாமலே அவள் தரையில் சரிந்தாள். கணவர் அவளைப் பார்த்தார். முகத்திலிருந்த குழாயைக் கழற்றினார். மிச்சமிருந்த மூச்சையெல்லாம் திரட்டிச் சுவரைப் பார்த்துக் கத்தினார்.

"அண்ணா!"

பாதி சவரம் செய்த முகத்தோடு அண்ணன் ஓடி வந்தார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. "எதைப் பிடிக்கணும்?" என்றார்.

அவர் பிடித்ததும் மெஷின் இரைந்த இரைச்சலில் ஜன்னல்கள் அதிர்ந்தன. எரியாமல் கிடந்த தெருவிளக்குகள்கூட அந்தப் பட்டப்பகலில் ஒருமுறை எரிந்து அணைந்தன. தையல்காரியின் விரல்களில் மெல்லச் சூடு திரும்பியது. தம்பி குழாயை மாட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அவர் தோள் குலுங்கியது.

மழை வந்து அணை நிரம்பியது. கரண்ட் நிற்பதே இல்லை. ஆனாலும் மத்தியானமானால் அண்ணன் வந்து கட்டிலருகே உட்கார்ந்து கையை நீட்டுவார். தையல்காரி சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி அவரிடம் கொடுத்துவிட்டுத் தைக்கப் போவாள்.