ஒபிரி எடுத்த சங்கிலி

வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களிடம் கைகுலுக்கிக்கொண்டே வந்த டிவோமோ, சேவாவின் முன்னால் நின்று கையை நீட்டினார். அவள் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை. பக்கத்திலிருந்த மாமா மெல்லச் செருமினார். துக்க வீட்டில் நீட்டிய கையை மறுப்பது கானாவின் குமாசி நகரில் யாரும் செய்யத் துணியாத காரியம்.

உள்ளே, வெள்ளை லேஸ் விரித்த கட்டிலில் அவள் தம்பி ஒபிரி கிடந்தான். ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டான். கால்பந்துப் பந்தயத்தில் தோற்றுத் தோற்று, போன அறுவடை சமயத்தில் அவள் பீரோவை உடைத்து, அம்மா அவளுக்கென்று விட்டுப்போன தங்கச் சங்கிலியை எடுத்து, இதே டிவோமோவின் நகைக்கடையில் விற்றவன். சங்கிலியைக் காணோம் என்று சேவா கொடுத்த புகார் ஒபிரிமேல் வழக்கானது; அது முடியும்வரை சங்கிலியைத் தொடக்கூடாது என்று போலீசார் டிவோமோவிடம் எழுதி வாங்கியிருந்தார்கள். அதற்குள் ஒபிரி முடிந்துவிட்டான். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் சேவாதான் அவனுக்குச் சோளக்கஞ்சி ஊட்டினாள். சங்கிலியைப் பற்றி அவள் கேட்கவில்லை, அவனும் பேசவில்லை.

செத்தவன்மேல் வழக்கு நிற்காது என்று வக்கீல் நேற்றுச் சொன்னார். ஆனாலும் திருட்டு நகை வாங்கியவனுக்குச் சொந்தமாகிவிடாது; சிவில் கோர்ட்டில் திருப்பிக் கேட்கலாம், திங்கட்கிழமையே போனால் உருக்காமலிருக்கத் தடையும் வாங்கலாம். ஆனால், தன்னைக் கேட்காமல் தன் தம்பி திருடினான் என்று அவள் சத்தியம் செய்து எழுதித் தரவேண்டும்.

டிவோமோ குனிந்தார். "அக்காதான் குடுத்தனுப்பினாங்கன்னு சொல்லித்தாம்மா ஒபிரி வித்தான். அது உண்மைன்னா சங்கிலி என்னோடது. இல்லேன்னா அவன் திருடன். பொணத்தை வச்சுக்கிட்டு எதைச் சொல்லப் போறீங்க?"

விட்டுவிடு, குலத்தின் பேர் போய்விடும் என்று மாமா காதோரம் சொன்னார்.

"அக்காவை ஏன் கேக்கறீங்க? என்னைக் கேளுங்க."

கட்டிலடியில் உட்கார்ந்திருந்த ஒபிரியின் மனைவி மான்சா, கறுப்புத் துணியை இழுத்துப் போர்த்தியபடி வாசலுக்கு வந்திருந்தாள். அழுது அழுது அவள் குரல் கம்மியிருந்தது.

"அன்னைக்கு அவர் பின்னாலயே உங்க கடைக்கு ஓடி வந்தேன். வாங்காதீங்க, அது அக்கா நகைன்னு சொன்னேனா இல்லையா?"

கைகுலுக்கக் காத்திருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். துக்கத்தில் பிதற்றுகிறாள் என்று டிவோமோ பொதுவாகச் சொல்லிப் பார்த்தார். அதை யாரும் நம்பவில்லை.

"இதை ஏன் இத்தனை நாள் சொல்லல, மான்சா?" என்றாள் சேவா.

"அவர் உயிரோட இருந்தாரே அக்கா."

"கோர்ட்டுல சொல்லுவியா? நாளைக்கு உன் பிள்ளைங்க கேக்கும்."

"கேக்கட்டும்."

சேவா எழுந்து டிவோமோவை நேராகப் பார்த்தாள். "திங்கக்கிழமை கோர்ட்டுல பார்க்கலாங்க."

அவர் மொய் மேசைப் பக்கம் போகாமலே காருக்குத் திரும்பினார். தடை அந்தத் திங்கட்கிழமையே கிடைத்துவிட்டது. சங்கிலி கைக்கு வர அடுத்த மழைக்காலம் ஆயிற்று.

அன்று, டிவோமோ போன பிறகு ஆண்கள் சவப்பெட்டியைக் கொண்டுவந்தபோது, சேவா அவர்களைக் கொஞ்சம் நிற்கச் சொன்னாள். ஒபிரியின் இடது தோளில் போட்டிருந்த துணி சரிந்துகிடந்தது. அவள் ஒரு முனையைப் பிடித்தாள். மான்சா மறுமுனையைப் பிடித்தாள். ஒருவரையொருவர் பார்க்காமல் இருவரும் மடிப்பு மடிப்பாக நீவி, தோளின்மேல் ஏற்றிவிட்டார்கள்.