பருப்பு வெந்த நாள்

அண்டார்டிகாவை நான்கு டிகிரி சூடாக்கியவள் நான்தான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. ஆனாலும் தாம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு வேறு யாரும் இதைச் செய்ததாகத் தெரியவில்லை.

என் பெயர் ஷீலா. தாம்பரத்தை ஒட்டிய ஓர் ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருடமாக ஒப்பந்த டெக்னீஷியன். ஒவ்வொரு ஜூலையும் வேலையைப் புதுப்பிப்பார்கள், ஒவ்வொரு ஜூனும் எனக்குத் தூக்கம் போகும். எங்களிடம் இருப்பது சேறு. அண்டார்டிகாவுக்குப் பக்கத்துக் கடலடியில் நீளக் குழாயை இறக்கி எடுத்த சேறு. மேலே இருப்பது புதுசு, கீழே போகப் போகப் பழசு. அதைச் சலித்தால் ரவையைவிடச் சின்ன ஓடுகள் கிடைக்கும். அந்த ஓட்டுக்குள் வாழ்ந்த உயிர் இருந்த கடல் சூடாக இருந்தால் ஓட்டில் மெக்னீசியம் கூடும், குளிர்ந்திருந்தால் குறையும். ஓட்டைக் கழுவி, அமிலத்தில் கரைத்து, மெஷினில் கொடுத்தால் ஆயிரக்கணக்கான வருடத்துக்கு முந்தைய கடலின் குளிரைச் சொல்லிவிடும்.

கழுவும் தண்ணீரில் உப்பே இருக்கக் கூடாது. எங்கள் சுத்தத் தண்ணீர் மெஷினோ பிப்ரவரியில் படுத்துவிட்டது. புதுப் பாகம் வாங்குவதற்கான ஃபைல் மேசை மேசையாக நடந்துகொண்டிருந்தது. அதுவரை வேறொரு கல்லூரியில் இருபது லிட்டர் கேன்களில் பிடித்து வருவது டிரைவர் ஜெயவேலுவின் வேலை. கேன் வந்ததும் மீட்டரை அதில் விட்டுப் பார்த்து, எண்ணை ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. ஒன்றுக்குக் கீழே இருந்தால் தண்ணீர் சுத்தம். இதைச் செய்ய இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடம்தான் விஷயமே.

சத்யபிரியா ஊரப்பாக்கத்திலிருந்து மின்சார ரயிலில் வரும் பெண். பிஎச்டியில் ஆறாவது வருடம். ஏப்ரலில் ஒரு மதியம் கையில் காகிதத்தோடு ஓடிவந்தாள்.

"அக்கா, ஆறாயிரம் வருஷத்துக்கு முன்னாடி நாலு லேயர் சூடா இருக்கு. நாலு டிகிரி."

எங்கள் தலைவர் ஜெபராஜ் சார் மைசூர்பாகு வரவழைத்தார். நார்வே மாநாட்டில் அவளைப் பேச வைப்பதாகச் சொன்னார். இதற்கு முன்னால் அவர் இனிப்பு வாங்கியது அவருடைய சொந்தக் கல்யாணத்துக்காகத்தான் இருக்கும்.

"அந்த நாலையும் என்னைக்குக் கழுவின?" என்று சும்மாதான் கேட்டேன்.

"மார்ச் ஏழும் எட்டும். புதுக் கேன் வந்துதே, அது தீர்றவரைக்கும்."

கையிலிருந்த மைசூர்பாகைத் தட்டிலேயே வைத்தேன். மார்ச் ஆறாம் தேதி ஜெயவேலுவின் மூத்த மகளுக்குக் காதுகுத்து. திருநீர்மலை கோயிலில் காது குத்தி, மலையடியில் அவன் வீட்டில் சாப்பாடு. ஆய்வுக்கூடமே போயிருந்தது. சீக்கிரம் கிளம்பும் அவசரத்தில் நான், சாயங்காலம் வரவேண்டிய கேனுக்குக் காலையிலேயே ரிஜிஸ்டரில் 0.9 என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தேன்.

அதற்கப்புறம் அந்தச் சாம்பார் ஞாபகம் வந்தது. சுண்ணாம்பும் மெக்னீசியமும் கலந்த ஜெயவேலு வீட்டு போர்வெல் தண்ணீரின் யோக்கியதையை அவனே ஆயிரம் முறை புலம்பியிருக்கிறான். "கேன் வராத நாள்ல குக்கர்ல பத்து விசில் வுட்டாலும் பருப்பு கல்லாட்டம் கீது மேடம்." ஆனால் காதுகுத்தன்று பருப்பு குழைந்து வெந்திருந்தது. நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவனிடம் போனேன்.

"காதுகுத்து அன்னைக்குச் சாம்பாருக்கு ஏது தண்ணி?"

"இன்னா மேடம் திடீர்னு?"

"சொல்லு."

"தண்ணி கேன் போடுறவன் வர்ல. ஆளுங்க வந்துகினு கீறாங்க. மொத நாள் புடிச்ச நம்ம கேன் ரெண்டு வண்டில இருந்துச்சு, சாம்பாருக்கும் காப்பிக்கும் ஊத்திட்டோம். அப்பால போர்ல ரொப்பி எடுத்தாந்துட்டேன்." துணியைப் பிழிந்தான். "ஓட்டக் கழுவத்தான மேடம்? கழுவுறதுக்கு எந்தத் தண்ணியா இருந்தா இன்னா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் துணியாலேயே அவனை அடித்திருப்பேன். ஆனால் என் வீட்டிலும் அதே சட்டம்தான். குடிக்கவும் சமைக்கவும் கேன், கழுவ போர். இந்தப் பக்கம் எந்த வீட்டில் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ஜெயவேலு ஒழுங்காக யோசித்துத்தான் அண்டார்டிகாவில் தன் வீட்டு மெக்னீசியத்தை ஊற்றியிருக்கிறான்.

பயமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை, ஜூலையில் வேலை பத்திரம். வாயைத் திறந்து அவன் தலையில் கட்டினாலும் சார் அடுத்ததாகக் கேட்பது ரிஜிஸ்டரைத்தான். இடத்துக்குத் திரும்பி ரிஜிஸ்டரில் மார்ச் ஆறாம் தேதிப் பக்கத்தைத் திறந்தேன். சத்யபிரியா எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, நார்வேக்கு ஸ்வெட்டர் போதுமா, ஜாக்கெட் வாங்கணுமா?"

அந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை. அங்கே யாராவது ஒரு வெள்ளைக்காரர் எழுந்து, எந்தத் தண்ணீரில் கழுவினாய் என்று கேட்டால், இவள் என் கையெழுத்தை நம்பித்தானே பதில் சொல்வாள்?

"எதுவும் வாங்காத. சார் ரூமுக்கு வா" என்றேன்.

ரிஜிஸ்டரை மேசைமேல் விரித்து எல்லாவற்றையும் சொன்னேன். 0.9 என்ற எண்ணைக் காட்டி, இதை நான் அளக்கவில்லை, கேன் வருவதற்கு முன்பே எழுதினேன் என்றேன். சத்யபிரியா என்னைப் பார்க்கவில்லை. ஜெபராஜ் சார் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"நான் மூணு தடவை வாங்கினேன்" என்றார் கடைசியில்.

"என்ன சார்?"

"சாம்பார்."

அந்த நான்கு அடுக்குகளிலும் சேர்த்து மிச்சம் நாற்பத்து மூன்று ஓடுகள் இருந்தன. அவையும் கெட்டால் குழாயை மறுபடி இறக்கக் கப்பல்தான் போகவேண்டும். இந்த முறை கேனை நானே போய்ப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மூன்று முறை அளந்தேன். 0.8. சத்யபிரியா கழுவினாள். ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. நான்கு அடுக்கும் அக்கம்பக்கத்து அடுக்குகளைப் போலவே குளிர்ந்து கிடந்தன.

நார்வே ரத்தானது. அவள் பாத்ரூமில் பத்து நிமிடம் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"நாலு டிகிரி போச்சு அக்கா. பேர் தப்பிச்சுது."

ஜூலையில் எனக்கு ஒரு வருடத்துக்குப் பதில் ஆறு மாதம் கொடுத்தார்கள், கூடவே ஃபைலில் வைக்க ஒரு எச்சரிக்கைக் கடிதமும். இப்போது தினமும் காலையில் சத்யபிரியா, "தண்ணி பார்த்தாச்சா அக்கா?" என்று கேட்கிறாள். எனக்கு எரிச்சலாக வருகிறது. மீட்டரை அவள் மூக்குக்கு நேராக நீட்டிக் காட்டுகிறேன்.

ஆகஸ்டில் ஜெயவேலுவின் இரண்டாவது மகளுக்குக் காதுகுத்து. அன்று வரவேண்டிய கேனை அளந்து, எழுதி, பூட்டிவிட்டுத்தான் கிளம்பினேன். பந்தியில் எனக்குப் பக்கத்தில் சத்யபிரியா, எதிரே ஜெபராஜ் சார். ஜெயவேலு வாளியோடு வந்து ஊற்றினான். முதல் வாயிலேயே பருப்பு பல்லில் கடிபட்டது. சார் மெல்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். சத்யபிரியா இலையைப் பார்த்துக்கொண்டே சிரிப்பை அடக்கினாள்.

"இன்னிக்கும் கேன் போடுறவன் வர்ல, போர் தண்ணிதான். பருப்பு வேகல மேடம், தப்பா நெனச்சுக்காத" என்றான் ஜெயவேலு.

இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னேன்.