எண்ணாமல் வைத்த கையெழுத்து

கிளெமென்ற் அண்ணையின் கையை நசுக்கியது நான்தான். இயந்திரம் நசுக்கியது என்று எழுதினால் அது பொய்.

ஒஸ்லோவில், அல்னாப் பக்கத்துக் கூடமொன்றில், நிலவில் மண் தோண்டி அள்ளும் இயந்திரம் செய்கிறோம். பல் வைத்த அதன் இரண்டு உருளைகளும் என் வடிவமைப்பு, நாலு வருட உழைப்பு. இங்கே இருநூற்று நாற்பது கிலோ நிறுக்கும் இயந்திரம் நிலவில் வெறும் நாற்பதுதான். அவ்வளவு லேசானது மண்ணைக் கடித்தால் மண் பெயராது, இயந்திரம்தான் எழும்பித் துள்ளும். ஆகவே சோதனையின்போது அதைக் கம்பியில் கட்டி, கப்பியின் மறுபக்கம் இருபது கிலோ இரும்புத் தட்டுகள் பத்தைத் தொங்கவிடுவோம். மிச்ச நாற்பது கிலோ மட்டும் மண்ணில் நிற்கும்.

தட்டுப் போடுவது கிளெமென்ற் அண்ணை. மன்னார்க்காரர், எங்கள் மெக்கானிக், எனக்காகப் பேசி இந்த வேலையில் என்னைச் சேர்த்துவிட்டவர். நான் எண்ணிப் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். மூன்று மாதமாக எண்ணாமலே வைத்தேன். அவர் போட்டதை நான் எண்ணுவதா? நோர்வேக்காரன் போட்டிருந்தால் இரண்டு தரம் எண்ணியிருப்பேன்.

அறிக்கை அனுப்பவேண்டிய அன்று காலை, கடைசிச் சோதனை அழகாக முடிந்தது. அண்ணை இயந்திரத்தைக் கூரைச் சங்கிலியில் மாட்டித் தூக்கிச் சுவர்ப்பக்கம் கொண்டுபோனார். அறிக்கைக்குப் படம் எடுக்கலாமென்று கப்பியடிக்குப் போனேன். ஏழு தட்டுகள். திரும்பவும் எண்ணினேன். மண்ணில் நின்றது நாற்பது இல்லை, நூறு கிலோ. ஏழுதான்.

"அண்ணை, மூண்டு தட்டு எங்கை?"

அவர் முகம் வெளிறியது. "சத்தம் போடாதை பிள்ளை. சோதனை தொடங்கின அண்டைக்கு, நீ வரமுன்னம் பத்தும் போட்டுப் பார்த்தனான். எழும்பிக் குத்துக்கரணம் அடிச்சுது. நீ படுற பாட்டைப் பார்த்து, உனக்காகத்தான் கழட்டினனான்."

"உங்களை ஆர் கேட்டது?"

"நிலவுக்குப் போய் ஆர் பாக்கப் போறான்?"

எனக்குத் தலைக்கேறிவிட்டது. கையிலகப்பட்ட ஸ்பானரை எறிந்தேன். அது அவர் காதை உரசிப்போய் யன்னல் கண்ணாடியை உடைத்தது. அப்போதும் அடங்கவில்லை.

தொங்கும் இயந்திரத்தை எல்லாரும் உள்ளங்கையால்தான் நிறுத்துவோம். மெல்லத் தள்ளினால் அப்படி நிற்கும். வேகமாக வந்தால் இருநூற்று நாற்பது கிலோவும் சேர்ந்து மோதும். தினமும் அதை லேசாகக் கண்ட கைக்கு அது மறந்துபோகும். எனக்கு மறக்கவில்லை. ஓடிப்போய், சுவரோரம் நின்ற அண்ணையை நோக்கி அதை முழுப் பலத்தோடும் தள்ளினேன். அண்ணை பழக்கத்தில் வலது கையை நீட்டினார்.

உருளைக்கும் கொங்கிறீற் சுவருக்கும் நடுவே எலும்பு நொறுங்கியது கேட்டது. இயந்திரத்தை இழுத்தேன், வரவில்லை. பல் சதைக்குள் ஏறியிருந்தது. இன்னொரு தரம் இழுத்தபோது கையும் கிழிந்துகொண்டு வந்தது. அவர் சத்தமே போடாமல் தரையில் இருந்துவிட்டார். நான்தான் கத்தினேன்.

மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். இரண்டாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். விசாரிக்க வரும் அதிகாரிக்காகக் காத்திருந்தோம்.

"நானே கவனமில்லாமல் கை வைச்சனான் எண்டு சொல்லுவன்," என்றார் அண்ணை. "நீ தட்டைப் பற்றி வாய் திறக்காதை. எனக்கு பென்சனுக்கு இன்னும் ஆறு வருசம் கிடக்கு, யதுர்ஷா."

வாய் திறக்காவிட்டால் எனக்குச் சிறை இல்லை, அவருக்கு வேலை போகாது, என் உருளைகளும் நிலவுக்குப் போகும். ஆசையாகத்தான் இருந்தது. பயமாகவும் இருந்தது. ஆனால் அந்த உருளைகள் தோண்டாது. தோண்டாததைத் தோண்டும் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

அதிகாரி வந்து கட்டிலருகே இருந்தார். அண்ணை தொடங்குமுன் நான் சொன்னேன்: தள்ளியது நான். தட்டு ஏழு. கழற்றியது அவர். எண்ணாமல் கையெழுத்து வைத்தது நான்.

அண்ணை கட்டிலிலிருந்து பாய்ந்து எழும்பினார். இடது கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. கட்டுப்போட்ட வலது கையாலேயே என் முகத்தில் அறைந்தார். அன்று சுவரோடு நசிந்தபோது கத்தாத மனிதர், இப்போது வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினார்.