வெள்ளை வயிற்றுக்காரி

செத்துக் கிடந்த கிடாரியை முள் கிளைகளால் மூடிவிட்டு, பக்கத்து மரத்தடியில் உட்கார்ந்து கழுகுகளைக் கல்லால் விரட்டிக்கொண்டிருந்தேன். நேற்று விடியற்காலையில் சிங்கம் அடித்துவிட்டது. கரையான் புற்றின் மேல் ஏறி போனில் சிக்னல் பிடித்து முதலாளி ரா மொடிசேவுக்குச் சொன்னேன். வனத்துறையிலிருந்து ஆள் வந்து பார்க்கும்வரை யாரும் இறைச்சியில் கை வைக்கக் கூடாது. வைத்தால் நஷ்டஈடு கிடையாது. ஆனால் மாடு செத்தால் அக்கம்பக்கத்துக்குப் பங்கு உண்டு. அது எங்கள் வழக்கம். பக்கத்துப் பட்டி மா செகோ இரண்டாவது தடவையாகக் காலிச் சட்டியோடு வந்து நின்றாள்.

"சிங்கத்துக்கு ஒரு தொடையே குடுத்திருக்க. எனக்கு ஒரு துண்டு கிடையாதா?"

"அரசாங்கம் வந்து பாத்துட்டுப் போகட்டும் அக்கா."

"அதுக்குள்ள புழு பாத்து முடிச்சிரும்."

சட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். கிளை விலகிய இடத்தில் வெள்ளை வயிறு தெரிந்தது. "ஐயோ, இது ஒன் கிடாரியில்ல?" என்றாள். விலகிய கிளையை இழுத்து மூடினாள்.

ஆம், என்னுடையதுதான். ஒரு வருடம் மேய்த்தால் சொற்பச் சம்பளமும் ஒரு கிடாரியும் கூலி. போன மழைக்கு ரா மொடிசே இதைக் கைகாட்டி, "இது ஒனக்கு" என்றார். மிஞ்சிய தொடையில் அவருடைய சூட்டுக்குறிதான் இருந்தது. எனக்கென்று குறி இன்னும் வாங்கவில்லை. மாமனார் வீட்டுக்கு இந்த ஒரு மாட்டையும் ஓட்டிப்போய்க் கொடுத்துவிட்டால் பரிசம் முடியும். அதுவரை பிள்ளைகள் தாய்வீட்டுக் கணக்கு. பிறகு என் பிள்ளைகளை யாரும் அவர்கள் தாய்வீட்டுப் பெயரால் கூப்பிட மாட்டார்கள். தினமும் இந்த வெள்ளை வயிற்றுக்காரியைத்தான் கடைசியாகத் தண்ணீரிலிருந்து ஓட்டுவேன். இன்னும் கொஞ்சம் குடிக்கட்டும் என்று.

மதியம் முதலாளியின் வண்டியில் அதிகாரியம்மா வந்து இறங்கினாள். முள்ளை விலக்கினோம். கால்தடத்தையும் கழுத்தையும் பார்த்தாள், படம் எடுத்தாள்.

"சிங்கந்தான். யாரோட மாடு?"

நான் ரா மொடிசேவைப் பார்த்தேன். அவர் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார்.

"என்னோடது. சூடு இருக்குல்ல, பாருங்க."

அவள் எழுதினாள். அவர் கையெழுத்துப் போட்டார். சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டாள். திதிமாலோ என்று என் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. எழுதி முடித்துப் பேனாவைக் கொடுக்கும்போதுதான் அது எனக்குத் தோன்றியது.

"அய்யா, செத்தது உங்களோடதா?"

"அதான் எழுதியாச்சே."

"அப்ப என்னோடது உசிரோட இருக்கு."

தோலில் கத்தி வைக்கப்போன மா செகோ நிமிர்ந்தாள். "அதானே மொடிசே. அது எங்க மேயுது? நானும் பாக்கணும்."

அதிகாரியம்மா தாளை மடிக்காமல் அவரையே பார்த்தாள். ரா மொடிசே தொப்பியைத் தலையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"இவங்கள எறக்கிவிட்டுட்டு வர்றேன். சாயங்காலம் பேசிக்கலாம்டா."

இல்லை என்று சொல்லவில்லை.

வெயில் தாழ்ந்ததும் மாடுகள் புழுதியோடு திரும்பின. பட்டி வாசலில் கழியைக் குறுக்கே பிடித்து ஒவ்வொன்றாக உள்ளே விட்டேன். செத்தவளின் கூடப்பிறந்தவள் கடைசியில் வந்தாள். கறுப்பு, வயிறு மட்டும் அதே வெள்ளை. சட்டையின் ஓரத்தைக் கிழித்து அவளுடைய சின்னக் கொம்பில் கட்டினேன். ஒருமுறை தலையை உதறினாள். பிறகு அசை போட ஆரம்பித்தாள். தூரத்தில் மணலில் வண்டி உறுமி வருவது கேட்டது. கழியைப் போடாமல் அவள் பக்கத்திலேயே நின்றேன்.